வீட்டை இழுத்துக் கட்டும்போது டாய்லெட் பைப் ரூமுக்குள்ளே வந்துவிட்டதா? மூடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை என்ன?

சென்னை ஈக்காட்டுத்தாங்கல் போன்ற பகுதிகளில் பழைய வீட்டை ஒட்டி ஒரு ரூமோ, சமையலறையோ இழுத்துக் கட்டுவது வழக்கமாக நடக்கும் வேலை. கிண்டி தொழிற்பேட்டை, ஒலிம்பியா டெக் பார்க், மெட்ரோ ரயில் நிலையம் எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் இங்கு வாடகைக்கு வீடு தேடுவோர் அதிகம். ஆனால் மனையோ சின்னது. அதனால் வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தின் மீதுதான் முதலில் கண் போகும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மேல்மாடி டாய்லெட்டிலிருந்து இறங்கும் 4 இன்ச் பைப், பெரும்பாலான பழைய வீடுகளில் அந்தச் சந்துப் பக்கத்து வெளிச்சுவரில்தான் ஓடுகிறது. புதுச் சுவர் எழுப்பியதும் பழைய வெளிச்சுவர் உள்சுவராகிவிடும். இத்தனை நாள் வெயிலிலும் மழையிலும் நின்ற பைப், புது ரூமின் மூலையில் வந்து நிற்கும்.

"நாலு செங்கல் வெச்சு பூசிட்டா வெளியில தெரியாது சார்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அப்படி மூடுவது சரியா? மூடினால் என்ன ஆகும்? எப்படி மூட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

மூடலாமா, கூடாதா?

மூடலாம், தவறில்லை. ஆனால் பைப்பை மறைப்பது வேறு, புதைப்பது வேறு. மறைக்கும்போது மூன்று விஷயங்களை மட்டும் அடைத்துவிடக் கூடாது.

ஒன்று, பைப்பின் மேல்முனையில் காற்று போய்வரும் வழி. இரண்டு, அடைப்பு ஏற்பட்டால் திறந்து சுத்தம் செய்யும் வழி. மூன்று, பைப் தரையில் வந்து சேரும் சேம்பர். இந்த மூன்றில் ஒன்றை மறந்தாலும் அதன் பலனை அனுபவிக்கப்போவது புது ரூமில் படுத்துத் தூங்குபவர்கள்தான்.

அந்தப் பைப் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

பிளம்பர்கள் இதை 'சாயில் லைன்' என்பார்கள். டாய்லெட்டிலிருந்து வரும் மலக்கழிவு இதில் இறங்குகிறது. குளியலறை, வாஷ் பேசின் தண்ணீர் வருவது 'வேஸ்ட் லைன்'. சில வீடுகளில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். சில வீடுகளில் ஒரே பைப்பில் சேர்த்துவிட்டிருப்பார்கள்.

மேலே ஒருவர் ஃப்ளஷ் செய்தால் தண்ணீரும் கழிவும் வேகமாகக் கீழே இறங்கும். அப்போது அதற்குப் பின்னால் பைப்புக்குள் காற்று குறையும். அதை ஈடுகட்ட மேலிருந்து காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகத்தான் பைப்பை மொட்டை மாடி வரை ஏற்றி, முனையில் 'கவுல்' எனப்படும் ஓட்டைகள் உள்ள மூடியை மாட்டுகிறார்கள். பைப்புக்குள் உருவாகும் வாயு வெளியேறுவதும் அதே வழியில்தான்.

டாய்லெட் கோப்பையின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாத்ரூம் தரையில் உள்ள நானி டிராப்பிலும் அப்படித்தான். பொதுவாக 50 மி.மீ. ஆழத்துக்கு, அதாவது 2 இன்ச் அளவுக்கு நிற்கும் இந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே தடுப்பு.

மேலே காற்று வரும் வழியை அடைத்துவிட்டால், பைப் தனக்குத் தேவையான காற்றை டிராப் வழியாக இழுக்கும். அப்போது அங்கிருக்கும் தண்ணீரும் சேர்ந்து போய்விடும். மேல்மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழ் பாத்ரூமில் 'கொடகொட' என்று சத்தம் வந்தால், இதுதான் நடக்கிறது என்று சந்தேகப்படலாம்.

வெளியே இருந்தபோது வராத வாடை உள்ளே வந்ததும் ஏன் வருகிறது?

பைப் வெளிச்சுவரில் இருந்தபோதும் ஜாயின்ட்டில் சின்ன விரிசல் இருந்திருக்கலாம். கசிந்த வாயு காற்றில் கலந்து போயிருக்கும். கசிந்த தண்ணீர் வெயிலில் காய்ந்திருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அதே விரிசல் ரூமுக்குள் வந்தால் கதை வேறு. ஏ.சி. போட்டு ஜன்னலைச் சாத்திய அறையில் வாயு வெளியேற வழியில்லை. புது இடம் சமையலறையாக இருந்தால் இன்னும் மோசம். எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும்போது, அதற்குப் பதிலாக எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் காற்றை இழுக்கும். அந்தச் சந்துகளில் ஒன்று சாக்கடைப் பைப்பின் விரிசலாகவும் இருக்கலாம்.

வாடை மட்டும்தான் பிரச்சினையா?

இல்லை. புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் 2024 ஜூன் 11-ஆம் தேதி நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். பாதாளச் சாக்கடையில் இருந்த விஷவாயு வீட்டுக் கழிவறை வழியாக வெளியேறியதில் ஒரு மூதாட்டி, அவரது மகள், அதே பகுதியைச் சேர்ந்த 15 வயது மாணவி என மூன்று பேர் உயிரிழந்தனர். அவர்கள் யாரும் சாக்கடைக்குள் இறங்கியவர்கள் அல்ல. அவரவர் வீட்டுக் கழிவறைக்குள் போனவர்கள்.

அது பைப்பைச் சுவருக்குள் மூடியதால் நடந்த விபத்து அல்ல. ஆனால் சாக்கடை வாயு வீட்டுக்குள் வந்தால் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே நடந்த உதாரணம். சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுக்கு அழுகிய முட்டை வாடை உண்டு. அளவு கூடினால் மூக்கின் வாடை உணரும் திறனையே அது மழுங்கடித்துவிடும். 'வாடை போயிடுச்சு' என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரமாக இருக்கலாம்.

இன்னொரு உதாரணம் ஹாங்காங். 2003-இல் சார்ஸ் பரவியபோது அங்குள்ள அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 300-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டது. பாத்ரூம் தரை டிராப்களில் தண்ணீர் வற்றிப் போயிருந்ததும், எக்ஸாஸ்ட் ஃபேன்கள் கழிவுநீர்ப் பைப்பில் இருந்த காற்றை வீட்டுக்குள் இழுத்ததும் முக்கியக் காரணங்களாக அப்போதைய விசாரணையில் சொல்லப்பட்டன.

பைப்பையே இடம் மாற்ற முடியாதா?

முடிந்தால் அதுதான் நல்ல வழி. புது ரூமின் வெளிச்சுவர் வழியாகப் பைப்பை இறக்கிவிட்டால் உள்ளே எதையும் மூட வேண்டியதில்லை.

ஆனால் எல்லா வீட்டிலும் இது சரிப்படாது. பைப்பை நகர்த்த வேண்டுமென்றால் மேலே கொஞ்ச தூரம் படுக்கையாக ஓட்ட வேண்டும். அந்த இடத்தில் போதிய வாட்டம் இல்லையென்றால் அங்கேயே அடைக்கும். 4 இன்ச் பைப்புக்கு 10 அடி நீளத்துக்கு 2 முதல் 3 இன்ச் வரை வாட்டம் கொடுப்பது வழக்கம். திருப்பங்களில் ஒரே அடியாக 90 டிகிரி பெண்டு போடாமல், இரண்டு 45 டிகிரி பெண்டுகளாகப் பிரித்துப் போடுவது நல்லது. இதற்கு இடமில்லை என்றால், பைப் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நேராக இறங்கும் பைப்பில் அடைப்பு வரும் வாய்ப்பு குறைவு.

முதலில் உங்கள் பைப் எந்த வகை என்று பாருங்கள்

பழைய வீடுகளில் மூன்று வகைப் பைப்கள் இருக்கும்.

வார்ப்பிரும்புப் பைப்: தட்டினால் 'டங்' என்று சத்தம் வரும். ஜாயின்ட்டில் ஈயம் உருக்கி ஊற்றியிருப்பார்கள். வெளியே பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தாலும், சுவரை ஒட்டிய பின்பக்கம் துரு தின்றிருக்கலாம். கண்ணாடியை வைத்துப் பின்பக்கத்தையும் பாருங்கள்.

ஏ.சி. பைப்: இது கல்நார் கலந்த சிமென்ட் பைப். சாம்பல் நிறத்தில், சிமென்ட் போலவே சொரசொரப்பாக இருக்கும். இதை மெஷின் வைத்து அறுக்கவோ, சுத்தியலால் உடைக்கவோ கூடாது. அதிலிருந்து பறக்கும் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயை உண்டாக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கழற்றுவதாக இருந்தால் நனைத்து, உடைக்காமல், முழு நீளமாகக் கழற்ற வேண்டும். வேலை செய்பவர்களுக்கு மூக்கில் கட்டும் துணி போதாது. சரியான மாஸ்க் தேவை.

பி.வி.சி. பைப்: இன்று பெரும்பாலும் இதுதான். இதிலும் கவனிக்க ஒன்று உண்டு. கழிவுநீர்ப் பைப்புக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 13592. அதில் 'ஏ' டைப், 'பி' டைப் என இரண்டு உண்டு. 'ஏ' டைப் மழைநீருக்கும் வென்ட்டுக்கும் ஆனது. டாய்லெட் கழிவுக்குப் போட வேண்டியது தடிமன் அதிகமுள்ள 'பி' டைப். 110 மி.மீ. பைப்பில் 'ஏ' டைப்பின் தடிமன் சுமார் 2.2 மி.மீ.தான். 'பி' டைப்பில் சுமார் 3.2 மி.மீ. விலை குறைவு என்று 'ஏ' டைப்பை டாய்லெட் லைனுக்குப் போட்டிருப்பார்கள். பைப்பின் மீதே எழுத்து அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

பைப் வார்ப்பிரும்பாகவோ ஏ.சி. பைப்பாகவோ இருந்தால், மூடுவதற்கு முன் அந்தப் பகுதியை மட்டுமாவது புது 'பி' டைப் பைப்பாக மாற்றுவது புத்திசாலித்தனம். சுவர் பூசி, டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்த பிறகு உடைப்பதைவிட இப்போது மாற்றும் செலவு மிகக் குறைவு.

சரி, எப்படி மூட வேண்டும்?

பைப்பைச் சுற்றி நேரடியாகச் சிமென்ட் கலவை போட்டு அடைக்கக் கூடாது. பி.வி.சி. சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். 20 டிகிரி வித்தியாசம் ஏற்பட்டால் 3 மீட்டர் பைப் சுமார் 4 மி.மீ. நீளும். கெட்டியாகப் பூசி அடைத்துவிட்டால் நகர இடமில்லாமல் ஜாயின்ட் விட்டுவிடும்.

அதற்குப் பதிலாக மூலையில் ஒரு டக்ட், அதாவது பெட்டி போன்ற மறைப்பு எழுப்ப வேண்டும். செங்கல், இலகு பிளாக், சிமென்ட் போர்டு எதுவாகவும் இருக்கலாம். பைப்புக்கும் மறைப்புக்கும் நடுவில் கை நுழையும் அளவாவது இடைவெளி வேண்டும்.

கதவு அவசியம்: பைப்பில் 'டோர் டீ' அல்லது 'டோர் பெண்டு' எனப்படும் திறந்து மூடும் வாய் வைக்க வேண்டும். குறிப்பாக, பைப் தரைக்குள் இறங்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதற்கு நேராக டக்ட்டிலும் கழற்றி மாட்டும் பலகையோ, சின்னக் கதவோ வேண்டும். பைப்பில் வாய் இருந்து டக்ட்டில் கதவு இல்லையென்றால் பயனில்லை.

கிளாம்ப்: பழைய சுவரில் பைப்பைக் கிளாம்ப் போட்டுப் பிடித்திருக்க வேண்டும். டக்ட் பைப்பைத் தாங்காது.

சுவரைத் தாண்டும் இடம்: புதுச் சுவரோ, பிளிந்த் பீமோ, அஸ்திவாரமோ பைப்பின் மீது உட்காரக் கூடாது. பைப்பைவிடப் பெரிய ஸ்லீவ் பைப் வைத்து அதற்குள் விட வேண்டும், அல்லது மேலே சின்ன லிண்டல் போட்டு இடைவெளி விட வேண்டும். இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டியில் இதற்குச் சுற்றிலும் 50 மி.மீ. இடைவெளி சொல்லப்பட்டிருக்கிறது. புதுக் கட்டடம் கொஞ்சம் இறங்கினாலும் பைப் உடையாமல் இருக்கத்தான் இந்த இடம்.

சத்தம்: படுக்கையறை என்றால் ராத்திரியில் மேலே ஃப்ளஷ் செய்யும் சத்தம் தெளிவாகக் கேட்கும். டக்ட்டுக்குள் பைப்பைச் சுற்றி ராக்வூல் போன்ற சத்தம் உறிஞ்சும் பொருளைச் சுற்றினால் குறையும். திறக்கும் வாயை மட்டும் அதைக் கொண்டு மறைக்கக் கூடாது.

மேலே இருக்கும் வென்ட்டை என்ன செய்வது?

இழுத்துக் கட்டும்போது அடிக்கடி நடக்கும் தவறு இது. புது ரூமுக்குக் கூரை போட வழிவிடாமல் நிற்கிறது என்று வென்ட் பைப்பைப் பாதியில் அறுத்து மூடி போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் புது ரூமின் ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளேயே அதன் வாயை விட்டுவிடுவார்கள். இரண்டுமே கூடாது.

வென்ட் புதுக் கூரையையும் தாண்டி வானம் பார்த்து நிற்க வேண்டும். ஆட்கள் துணி காயப்போட, உட்கார்ந்து பேசப் பயன்படுத்தும் மொட்டை மாடி என்றால் ஆள் உயரத்துக்கு மேல் கொண்டுபோவது நல்லது. புதிதாக மாடி எழுப்பி ஜன்னல் வைத்தால், வென்ட் அதற்கு அருகில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்து வழிகாட்டியின்படி 3 மீட்டருக்குள் ஜன்னல் இருந்தால், வென்ட்டின் வாய் அந்த ஜன்னலைவிடக் குறைந்தது 900 மி.மீ. மேலே இருக்க வேண்டும்.

காற்றை உள்ளே மட்டும் இழுக்கும் வால்வு ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. அது டிராப் தண்ணீரைக் காப்பாற்ற உதவும். ஆனால் வாயுவை வெளியே விடாது. அதனால் வீட்டில் ஒரு பைப்பாவது வானம் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். அந்த வால்வையும் பூசி மூடக் கூடாது.

சேம்பர் ரூமுக்குள் வந்தால்?

ஈக்காட்டுத்தாங்கல்வாசிகள் அதிகம் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். அடையாற்றின் கரையை ஒட்டிய பகுதி இது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டபோது, ஈக்காட்டுத்தாங்கலும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கின.

அவ்வளவு பெரிய வெள்ளம் வர வேண்டும் என்றுகூட இல்லை. கனமழையில் தெருச் சாக்கடை நிரம்பினால், கழிவுநீர் வந்த வழியிலேயே திரும்பும். வீட்டில் எது தாழ்வான வாயோ அதன் வழியாக வெளியே வரும். சேம்பர் சந்தில் இருந்தால் சந்து நாறும். ரூமுக்குள் டைல்ஸுக்கு அடியில் இருந்தால் ரூமில் வரும்.

அதனால் சேம்பரை வெளியே மாற்றிவிடுவதுதான் சரி. வேறு வழியே இல்லை என்றால் இரட்டை சீல் உள்ள, காற்றுப் புகாத மூடி போட வேண்டும். அதன் மீது டைல்ஸ் ஒட்டவோ, பீரோ வைக்கவோ கூடாது. தெருவுக்குப் போகும் கடைசி சேம்பரில் 'நான் ரிட்டர்ன் வால்வு' போட்டால் தண்ணீர் திரும்பி வருவதைத் தடுக்கலாம். அதை ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். மொட்டை மாடி மழைநீரைக் கழிவுநீர்ப் பைப்பில் விடுவதும் கூடவே கூடாது. மழை நாளில் சாக்கடை பொங்க அதுவும் ஒரு காரணம்.

சேம்பரை உள்ளே அடைப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் யாரையும் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்க்குக்குள்ளோ இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். மெஷின் வைத்துத்தான் அடைப்பு எடுக்க வேண்டும். மெஷின் குழாய் நுழைய இடமில்லாமல் கட்டிவிட்டால், கடைசியில் ஒரு மனிதரைக் கையை விடச் சொல்லும் நிலைதான் வரும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டும். ஏற்கெனவே உள்ள வீட்டோடு சேர்த்துக் கட்டுவதற்கும் அனுமதி தேவை. அதற்கு முன் ஒரு கேள்வி. அந்தச் சந்தில் கட்டவே முடியுமா? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடைவெளிகள் உண்டு. உங்கள் சந்து அந்தக் கணக்கில் வருகிறதா என்பதைப் பதிவு பெற்ற பொறியாளரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. ஆனால் விதிப்படிதான் கட்டுகிறோம் என்று சான்று அளிப்பது உரிமையாளர்தான். இடைவெளி விதி அதிலும் உண்டு.

மூடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்

பிளம்பர் வேலை முடித்த அன்றே மேஸ்திரியைப் பூச விடாதீர்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் துடைத்துக் காயவைத்து, டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் கட்டுங்கள். பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து மேல்மாடி டாய்லெட், பாத்ரூம், வாஷ் பேசின் என எல்லா இடத்திலும் ஊற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஃப்ளஷ்களையும் அழுத்துங்கள். பேப்பரில் ஈரமோ நீலமோ தெரிந்தால் அந்த ஜாயின்ட்டைச் சரிசெய்ய வேண்டும்.

இரண்டு மூன்று நாள் வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு, மறுபடி பார்த்த பிறகு மூடுங்கள். மூடும் முன் பைப், ஜாயின்ட், கதவு இருக்கும் இடங்களை டேப் வைத்து அளந்து, மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து வரும் பிளம்பருக்கு அந்தப் போட்டோதான் வழிகாட்டி.

ஏற்கெனவே மூடியாச்சு, இப்போ என்ன செய்யறது?

பயப்பட வேண்டாம். ஆனால் சில அறிகுறிகளைக் கவனியுங்கள். அந்த மூலையில் பெயின்ட் உப்பி உதிர்வது, சுவரில் ஈரத் திட்டு, எவ்வளவு மருந்து அடித்தாலும் குறையாத கரப்பான்பூச்சி, காலையில் கதவைத் திறந்ததும் வரும் வாடை. இதில் எது இருந்தாலும் டக்ட்டில் ஒரு இடத்தை உடைத்துப் பார்ப்பது நல்லது. அப்படி உடைத்த இடத்தை மறுபடி பூசாமல், அங்கேயே கழற்றி மாட்டும் கதவு வைத்துவிடலாம்.

மொட்டை மாடிக்குப் போய் வென்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்தாத பாத்ரூம் இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை தரை டிராப்பில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள்.

திடீரென்று அழுகிய முட்டை வாடை கடுமையாக வந்தால் ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். டாய்லெட்டுக்குள் யாராவது மயங்கி விழுந்திருந்தால், பின்னாலேயே ஓடி உள்ளே போகாமல் 108-க்கும் தீயணைப்புத் துறையின் 101-க்கும் அழையுங்கள். புதுச்சேரியில் அடுத்தடுத்து மூன்று உயிர்கள் போனதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருச் சாக்கடை அடைத்துத் தண்ணீர் திரும்பி வந்தால், சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 அல்லது 044-45674567 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.